ஒரு வேனின் நடுக்கம்

பட்டுச் சேலை என்றால் காஞ்சிபுரம். தறி, ஜரிகை, கோர்வை, முகூர்த்தம் என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. ஆனால் பாவும் பட்டும் நெசவாளர் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன? நெய்து முடித்த சேலை காந்தி ரோட்டுக் கடைக்கு எப்படி வருகிறது? இதை யாரும் யோசிப்பதில்லை. அதற்குப் பெரும்பாலும் ஒரு பழைய வேன்தான் பதில்!

பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். இளம் வயதில் தறியில் உட்கார்ந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு, நெசவாளர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்த சேலைகளை வாங்கி வரும் வேலைக்கு மாறினார். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, சில சமயம் ஆரணி வரைக்கும் போவார். இத்தனைக்கும் அவருக்குத் துணை ஒரு மாருதி ஓம்னி வேன். கிலோமீட்டர் கணக்கு 2 லட்சத்தைத் தாண்டி எவ்வளவோ நாளாகிவிட்டது.

ஓம்னியைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இன்ஜின். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணச் சாமான், ஆம்புலன்ஸ், காய்கறி மூட்டை என்று அது சுமக்காத சுமை இல்லை. அத்திவரதர் குளத்திலிருந்து வெளியே வந்த அதே 2019-ல் ஓம்னியின் தயாரிப்பு நின்றுபோனது. ஆகவே இன்றைக்கு ரோட்டில் ஓடும் எல்லா ஓம்னியும் பழைய ஓம்னிதான். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் கிடைக்காது. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

நடுக்கம் ஆரம்பித்த கதை

பெரியவரின் வேனுக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சத்தம். வண்டியை எடுக்கும்போது கீழே 'டக்' என்று ஒரு தட்டு. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு 'டக்'. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து 60 கிலோமீட்டர் வேகத்தில் தரை லேசாக அதிர ஆரம்பித்தது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்! அதற்குப் பிறகு வீட்டு வாசலில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு. சொட்டுக்குக் கீழே ஒரு அட்டையை வைத்தார்.

கடைசியில் ஒரு நாள் ஆரணியிலிருந்து திரும்பும் வழியில் அதிர்ச்சி தாங்க முடியவில்லை. பின்சீட்டில் இருந்த சேலைக் கட்டு நழுவிக் கீழே விழுந்தது. 40-க்கு மேல் போகாமல் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஆவணி முகூர்த்தச் சேலைகள் தறியில் இருந்த நேரம் அது.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் ஒரே வார்த்தையில் முடித்தான்.

"குடுத்துடலாம்பா. புதுசா லோன் போட்டு ஒண்ணு எடுத்துக்கலாம். இத வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கி மல்லுக்கட்டுவீங்க?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வேனை மெல்ல ஓட்டிக்கொண்டு பாயின் பட்டறைக்குப் போனார்.

கேள்வியிலேயே பாதி வைத்தியம்

நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. கேள்விதான் கேட்பார்.

"எத்தனைல ஆடுது ஐயா?"

"நாப்பத்தஞ்சுல ஆரம்பிக்குது பாய். அறுபதுல பல்லெல்லாம் ஆடுது."

"நின்ன எடத்துல ஆக்சிலேட்டர் குடுத்தா?"

"ஒண்ணும் இல்ல. அமைதியா இருக்கு."

"ஓடும்போது நியூட்ரல்ல உட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அப்பவும் ஆடத்தான் செய்யுது."

"அப்போ இன்ஜின் இல்ல. கிளட்ச்சும் இல்ல. அதுக்குப் பின்னாடி இருக்கு சமாச்சாரம்."

எவ்வளவு எளிமையான கணக்கு பாருங்கள்! நின்ற இடத்தில் இன்ஜினை வேகமாக ஓட்டியும் அதிரவில்லை என்றால் இன்ஜினையும் அதன் ரப்பர் தாங்கியையும் சந்தேகிக்க வேண்டாம். ஓடும் வண்டியை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தனியாகிவிடும். ஆனால் சக்கரமும், அதோடு இணைந்த ஷாஃப்டும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அப்போதும் அதிர்ந்தால் குற்றவாளி அந்தப் பக்கம்தான். (இந்தச் சோதனையை வண்டி நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், சில வினாடிகள் மட்டும் செய்ய வேண்டும். சாவியை அணைக்கவே கூடாது.)

அடுத்தது சக்கரமா, ஷாஃப்டா? இதற்கும் கணக்கு உண்டு. ஓம்னியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 சுற்று சுழல்கிறது. ஆனால் பின் அச்சில் இருக்கும் கிரவுன் வீல், ஷாஃப்டின் வேகத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. எனவே ஷாஃப்ட் வினாடிக்கு 50 சுற்று!

சக்கரம் சரியில்லை என்றால் 'தட தட' என்று மெதுவான ஆட்டம் வரும். எண்ணிவிடலாம் போல இருக்கும். ஷாஃப்ட் சரியில்லை என்றால் 'உம்ம்ம்' என்று வண்டு ரீங்காரம் போலத் தரையில் ஏறும். பெரியவரின் வேனில் வந்தது வண்டுச் சத்தம்.

அந்த ஷாஃப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால் இருக்கின்றன. சுழல வேண்டிய சக்கரமோ பின்னால். நடுவில் ஓர் இரும்புக் குழாய். அதுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பட்டறையில் 'ஜாயிண்ட்' என்று சொன்னாலே போதும்.

கியர் பாக்ஸ் அசையாமல் இருக்கிறது. பின் அச்சோ பட்டை ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு பள்ளம் மேட்டுக்கெல்லாம் ஏறி இறங்குகிறது. இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே முறிந்துவிடும். அதனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் வளைந்து கொடுக்கும் ஓர் இணைப்பு இருக்கிறது. சிலுவை வடிவில் ஓர் இரும்புத் துண்டு. அதன் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணம். கிண்ணத்துக்குள் வரிசையாக ஊசி பேரிங்குகள். இதற்குத்தான் 'கிராஸ்' என்று பெயர். 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்து எழுதியதால் பாடப்புத்தகத்தில் 'ஹூக் ஜாயிண்ட்' என்பார்கள்.

இந்த கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருக்கும்வரை உள்ளே வந்த வேகம் அப்படியே வெளியே போகும். வளைந்து நின்றால் அப்படிப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 10 டிகிரி வளைவில், நிமிடத்துக்கு 3000 சுற்று உள்ளே கொடுத்தால், வெளியே 2954-க்கும் 3046-க்கும் இடையே ஊசலாடும். 3 டிகிரி என்றால் 2996 முதல் 3004 வரைதான், தெரியவே தெரியாது.

அப்படியானால் எல்லா வேனும் அதிர வேண்டுமே? அதற்காகத்தான் இரண்டு கிராஸ். முன்னது செய்யும் கோணலைப் பின்னது நிமிர்த்திவிடும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பின்னால் பெரியவருக்கு வேலை வைத்தது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. சேலையின் உடல் வேறு, கரை வேறு. இரண்டையும் கோர்வை போட்டு இணைக்கிறார்கள். அதற்குத்தான் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிறார். சேலையே கிழிந்தாலும் கரை தனியே வராது என்பது இந்த ஊரின் பெருமை. இணைப்பு உறுதியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்!

வண்டிக்கு அடியில்

பாய் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். ஸ்டாண்டு கொடுத்தார். முன்சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். பாய் தன் பட்டறைப் பையன்களுக்குச் சொல்லும் முதல் பாடம் அதுதான்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. முறுக்கிப் பார்த்தார். பின் கிராஸ் 'கடக் கடக்' என்று ஆடியது. கிண்ணத்தின் ஓரத்தில் செங்கல் தூள் போலத் துரு. உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசிகள் காய்ந்து அரைபட்டதற்கு அதுதான் அடையாளம். கையால் அசைத்தே ஆட்டம் தெரிகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான். வேறு பேச்சே இல்லை.

ஷாஃப்டைக் கழற்றும் முன்பு சாக்பீஸ் அல்ல, உளியால் ஒரு சின்னக் குறி போட்டார். எந்த ஓட்டைக்கு நேராக எது இருந்ததோ, அப்படியே திரும்ப மாட்ட வேண்டும். தொழிற்சாலையில் எடை சமன் செய்து, குழாயில் குட்டித் தகடு ஒட்டவைத்து அனுப்புவார்கள். அந்தத் தகடு விழுந்தாலும், குழாய் நசுங்கினாலும், ஏன், கெட்டியான தார் ஒட்டிக்கொண்டாலும்கூட அதிர்வு வரும்.

கிராஸ் மாற்றுவதிலும் பக்குவம் உண்டு. லாக்கைக் கழற்றி, வைஸில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். குழாயின் மேல் சுத்தியல் படக் கூடாது. புதுக் கிண்ணம் ஏற்றும்போது ஓர் ஊசி சரிந்து அடியில் விழுந்தாலும் கிராஸ் இறுகிப்போகும். மாட்டியபின் நான்கு பக்கமும் தடையில்லாமல் அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

இரண்டு கிராஸும் மாற்றியாயிற்று. செலவு சில நூறு ரூபாயும் கூலியும். பெரியவர் சந்தோஷமாக ஓட்டிப் பார்த்தார். 'டக்' சத்தம் போய்விட்டது. 60-ல் வண்டு மட்டும் போகவில்லை! குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பாதி குணம்

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 'கிராஸ் மாத்தியும் போகல, வண்டி அவ்வளவுதான்' என்று விற்றுவிடுகிறார்கள்.

பாய் மறுபடியும் கீழே படுத்தார். இந்த முறை கியர் பாக்ஸைப் பின்பக்கம் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பார்த்தார். எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் ஊறி, கூழாகி உட்கார்ந்திருந்தது. கியர் பாக்ஸின் வால் கீழே இறங்கிவிட்டது. முன் கிராஸின் கோணம் ஒன்று, பின் கிராஸின் கோணம் வேறொன்று. ஒன்றின் கோணலை மற்றொன்று நிமிர்த்த முடியவில்லை.

சரி, ரப்பரில் எண்ணெய் எங்கிருந்து வந்தது? கியர் பாக்ஸின் பின் சீலிலிருந்து. சீல் ஏன் போனது? ஷாஃப்ட் மாதக்கணக்கில் ஆடி ஆடி, பின்பக்க புஷ்ஷைத் தின்றுவிட்டது. புஷ் தேய்ந்தால் சீல் எத்தனை நாள் தாங்கும்? வாசலில் அட்டை வைத்துப் பிடித்த அந்தச் சொட்டு இதுதான்!

சொட்டாக வெளியே போன எண்ணெயை யாரும் திரும்ப ஊற்றவில்லை. பாய் டிரெயின் நட்டைத் திறந்தபோது இருக்க வேண்டியதில் பாதிகூட வரவில்லை. வந்ததிலும் மஞ்சள் மினுமினுப்பு. சாம்பல் நிறத்தில் மை போல இருந்தால் சாதாரணத் தேய்மானம். பித்தளைப் பொடி தெரிந்தால் சிங்க்ரோ வளையம் போகிறது. இரும்புச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பாத்திரத்தின் அடியில் தெரிந்தது பித்தளை.

"ஐயா, மூணாவது கியரு வெளிய குதிக்குதா?"

பெரியவர் சிரித்தார். "குதிக்கும். நான் கைய அது மேலயே வச்சிக்குவேன்."

இரண்டு வருடமாக அவருடைய இடது கை கியர் லிவரின் மேலேயே இருந்திருக்கிறது. அது ஒரு பழுது என்பதையே மறந்துவிட்டார். அது மட்டுமல்ல, அழுத்திப் பிடித்த கையே உள்ளிருந்த ஃபோர்க்கைத் தேய்ப்பதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது.

பழையதா, புதியதா, பழுதா?

வீட்டில் மறுபடி பேச்சு. புதுப்பேட்டையில் கழற்றிய கியர் பாக்ஸ் கிடைக்கும், அதைப் போட்டுவிடலாம் என்றான் மகன். சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்காத பழைய பாகம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை நாள் எண்ணெய் இல்லாமல் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்த நோயாளியை விட்டுத் தெரியாத நோயாளியை வாங்கி வருவது போலத்தான்.

புதிய வண்டி? எடுத்துக்காட்டாக 5 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை 10,624 ரூபாய். மொத்தம் கட்டுவது 6,37,440 ரூபாய். முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் தவணை உண்டு!

வணிகவியல் வகுப்பில் தேய்மானக் கணக்கு சொல்லித் தருவார்கள். 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டிக்கு, குறைந்து வரும் மதிப்பு முறையில் வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டால், 15 வருடம் கழித்துப் புத்தகத்தில் நிற்பது சுமார் 17,470 ரூபாய். பழைய இரும்பு விலை! ஆனால் அந்த வேன் தினமும் பாவு சுமந்து போகிறது. அதை நம்பிப் பல தறிகள் ஓடுகின்றன. அதற்குப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் இடம்? தேய்மானம் என்பது கணக்கர் போடும் எண். தேய்வு என்பது எண்ணெய் இல்லாத இடத்தில் நடப்பது. இரண்டும் ஒன்றல்ல.

பெரியவர் கியர் பாக்ஸை இறக்கச் சொன்னார்.

இறக்கியதோடு நிற்கவில்லை. சிங்க்ரோ வளையங்கள், பேரிங்குகள், மூன்றாவது கியர் ஃபோர்க், பின் புஷ், சீல், மவுண்டிங் எல்லாம் புதிது. கிளட்ச் பிளேட் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் நிலையில்தான் இருந்தது. "இதையும் போட்டுடுங்க ஐயா. இன்னொரு வாட்டி இறக்கினா இதே கூலி திரும்பவும் ஆவும்" என்றார் பாய். பொருளாதாரப் பாடத்தில் இறுதிநிலைச் செலவு என்று பக்கம் பக்கமாக வருவதைப் பாய் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒரு வாரம் வேன் பட்டறையில் நின்றது. அந்த ஒரு வாரமும் பெரியவர் டவுன் பஸ்ஸில் பாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இரண்டு தறிகள் ஜரிகை வராமல் ஒரு நாள் நின்றன. அந்தக் கூலி நஷ்டம் அவருடைய கணக்கிலும் வராது, பாயின் பில்லிலும் வராது. நெசவாளர் வீட்டு அடுப்பில்தான் தெரியும்.

மொத்தம் 14 ஆயிரம் சொச்சம். முதல் 'டக்' கேட்ட அன்றே வந்திருந்தால் கிராஸோடு முடிந்திருக்கும்.

தள்ளிப்போட்டால்...

பணம் போனது ஒரு பக்கம். கிராஸ் ஓடும்போதே உடைந்திருந்தால்? முன்பக்கம் உடைந்தால் ஷாஃப்ட் கீழே விழுந்து ரோட்டில் குத்தும். பின்பக்கம் உடைந்தால் வண்டிக்கு அடியில் சுழன்று சுழன்று அடிக்கும். பிரேக் பைப் அறுந்து போகலாம். வினாடிக்கு 50 சுற்று சுழலும் இரும்புக் குழாய் என்பதை மறந்துவிடக் கூடாது. அது உட்கார்ந்திருப்பவரின் காலுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது.

ஆகவே பழைய வேன் வைத்திருப்பவர்களே, மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். வண்டி எடுக்கும்போது வரும் 'டக்'. வேகத்தோடு ஏறும் அதிர்வு. நின்ற இடத்தில் விழும் சொட்டு. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்டை ஒரு தரம் கையால் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கியர் ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ரேடியோ சத்தத்தைக் கூட்டுவது வைத்தியம் ஆகாது!

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்பே சேலைகள் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அன்று அய்யம்பேட்டை ரோட்டில் மகனும் கூட இருந்தான். 60-ல் வேன் அமைதியாகப் போனது. கொஞ்ச தூரம் போனதும் அவன்தான் முதலில் கவனித்தான்.

"அப்பா, கைய எடுங்க. இனிமே அது குதிக்காது."

பெரியவர் கீழே பார்த்தார். இடது கை பழக்கதோஷத்தில் கியர் லிவரின் மேலேயே இருந்தது. மெல்ல எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார்.